பொன் அணுவின் அளவும் அணு மாதிரிகளின் வழக்கும்: கணக்கிட்டு வாதிட ஒரு முழுமையான வழிகாட்டி

அணுவின் ஆரம் ஏறத்தாழ 0.1 நானோமீட்டர் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, அடுத்த பத்தியிலேயே தாம்சன், ரூதர்ஃபோர்டு, போர் என்று மாதிரிகளை அடுக்கத் தொடங்குவது பாடநூல்களின் வழக்கம். அந்த எண் எப்படிக் கிடைத்தது, எந்த மாதிரி அதை விளக்குகிறது, எந்த மாதிரி அதை வெளியிலிருந்து கடன் வாங்குகிறது ஆகிய கேள்விகள் இடையில் விடுபட்டுப்போகின்றன. இந்த வழிகாட்டி அந்த இடைவெளியைப் பொன் என்ற ஒரே தனிமத்தைக் கொண்டு கடக்க முயல்கிறது. பொன்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு: அதன் அடர்த்தியும் படிக அமைப்பும் கணக்குக்கு எளியவை, மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் குழு ஆல்ஃபா துகள்களை (நேர் மின்னூட்டமுள்ள ஹீலியம் அணுக்கருக்களை) மோதவிட்டுச் சிதறவைத்த தகடும் பொன்தான். ஆகவே அணுவின் வெளி அளவையும் உள் அமைப்பையும் ஒரே பொருளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கணிப்பானும் தனிம வரிசை அட்டவணையும் இருந்தால் போதும்.

படி 1: எதை அளக்கிறோம் என்று முதலில் முடிவுசெய்யுங்கள்

அணுவுக்குக் கூர்மையான விளிம்பு கிடையாது. அதனால் எந்த அளவீடும் நேரடியாக ஆரத்தைத் தருவதில்லை. இரண்டு அணுக்கருக்களுக்கு இடையிலுள்ள தொலைவையே தருகிறது. அந்தத் தொலைவைப் பாதியாக்கி ஆரம் என்று அழைக்கிறோம். உலோகத்தில் அடுத்தடுத்த அணுக்களின் தொலைவைப் பாதியாக்கினால் உலோக ஆரம், பிணைப்பில் இணைந்த அணுக்களின் தொலைவைப் பாதியாக்கினால் சகப்பிணைப்பு ஆரம், பிணைப்பின்றி ஒன்றையொன்று தொட்டு நிற்கும் அணுக்களின் தொலைவைப் பாதியாக்கினால் வாண்டர்வால்ஸ் ஆரம். குளோரினுக்குச் சகப்பிணைப்பு ஆரம் 99 பிக்கோமீட்டர் (நானோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), வாண்டர்வால்ஸ் ஆரம் 175 பிக்கோமீட்டர். இரண்டும் சரியான எண்களே. கேட்கப்பட்ட கேள்விதான் வேறு. அணு அளவு பற்றிய வாதங்களில் பாதி, இரு தரப்பும் வெவ்வேறு ஆரங்களைப் பேசுவதால் எழுபவை என்பது என் எண்ணம். எனவே எண்ணை எழுதும்போதே எந்த ஆரம் என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். இங்கே நாம் கணக்கிடப் போவது பொன்னின் உலோக ஆரம்.

படி 2: மேல்வரம்பு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1774-இல் வெளியான கட்டுரையில், லண்டனை அடுத்த கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெய் அரை ஏக்கர் பரப்பில் பரவி அலைகளை அடக்கியதை எழுதியிருக்கிறார். அரை ஏக்கர் என்பது ஏறத்தாழ 2,000 சதுர மீட்டர். எண்ணெயை 2 முதல் 5 மில்லிலிட்டர் என்று கொண்டு பரப்பால் வகுத்தால், படலத்தின் தடிமன் 1 முதல் 2.5 நானோமீட்டர் வரை வருகிறது. படலம் ஒரு மூலக்கூற்றின் உயரத்தைவிட மெலியதாக முடியாது. ஆகவே எண்ணெய் மூலக்கூறு இந்தத் தடிமனைவிடப் பெரியதன்று, அதற்குள் இருக்கும் அணு இன்னும் சிறியது. ஃபிராங்க்ளின் இந்த வகுத்தலைச் செய்யவில்லை. அவருடைய அக்கறை அலையை அடக்குவதில் இருந்தது.

படி 3: அடர்த்தியிலிருந்து ஆரத்தைக் கணக்கிடுங்கள்

பொன்னின் மோலார் நிறை 196.97 கிராம், அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒரு மோல் பொன்னின் பருமன் 10.21 கன சென்டிமீட்டர். இதை ஒரு மோலிலுள்ள அணுக்களின் எண்ணிக்கையான அவகாட்ரோ எண்ணால், அதாவது 6.022 × 10²³ ஆல், வகுத்தால், ஓர் அணுவின் பங்குக்கு வரும் இடம் 1.695 × 10⁻²³ கன சென்டிமீட்டர்.

இந்த எண்ணுக்கு உடனே கனமூலம் எடுத்தால் 0.257 நானோமீட்டர் கிடைக்கும். அவசரத்துக்கு அதையே அணுவின் விட்டம் என்று கொள்ளலாம். ஆனால் அது ஒவ்வோர் அணுவும் ஒரு கனசதுரப் பெட்டியில் அமர்ந்திருப்பதாகக் கருதும் கணக்கு. பொன் அப்படி அடுக்கப்பட்டதன்று. அதன் படிகம் முகப்பு மையக் கனசதுர அமைப்பு: கனசதுரத்தின் மூலைகளிலும் ஒவ்வொரு முகத்தின் மையத்திலும் அணுக்கள் இருக்கும். திரும்பத் திரும்ப வரும் இந்தக் கனசதுரமாகிய ஓர் அலகுக்கூட்டில் நான்கு அணுக்களின் பங்கு உண்டு. எனவே கூட்டின் பருமன் 4 × 1.695 × 10⁻²³, அதாவது 6.78 × 10⁻²³ கன சென்டிமீட்டர். அதன் கனமூலம், அதாவது கூட்டின் பக்க நீளம், 0.408 நானோமீட்டர். இந்த அமைப்பில் அணுக்கள் ஒன்றையொன்று தொடுவது பக்கத்தின் வழியே அன்று, முகத்தின் மூலைவிட்டத்தின் வழியே. ஆகவே அடுத்தடுத்த அணுக்களின் தொலைவு 0.408-ஐ 2-இன் வர்க்கமூலத்தால் வகுக்கக் கிடைக்கும் 0.288 நானோமீட்டர், ஆரம் 0.144 நானோமீட்டர், அதாவது 144 பிக்கோமீட்டர். அட்டவணைகள் பொன்னின் உலோக ஆரமாகக் கொடுப்பதும் இதுவே.

பெட்டிக் கணக்குக்கும் படிகக் கணக்குக்கும் இடையே 11 விழுக்காடு வேறுபாடு இருப்பதைக் கவனியுங்கள். அடுக்குமுறை பற்றிய ஓர் அனுமானம் ஆரத்தில் இவ்வளவு தூரம் நுழைந்துவிடுகிறது. அதேசமயம் கனமூலம் என்பது பிழைகளைச் சுருக்கும் செயல்: அவகாட்ரோ எண்ணில் 10 விழுக்காடு பிழை இருந்தாலும் ஆரத்தில் 3 விழுக்காடு அளவே பிழை வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கரடுமுரடான எண்களிலிருந்தும் அணுவின் அளவு ஓரளவு சரியாகக் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 4: அவகாட்ரோ எண்ணை நம்பலாமா என்று சோதியுங்கள்

மேலே உள்ள கணக்கு முழுவதும் ஒரே எண்ணின் மீது நிற்கிறது. அந்த எண்ணே அணுவின் அளவிலிருந்துதான் வந்தது என்றால் நாம் வட்டத்தில் சுற்றுகிறோம் என்று பொருள். முதல் விவாதத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாம்: அணு உண்மையில் இருக்கிறதா, அல்லது வேதியியல் கணக்குக்கு வசதியான கற்பனையா?

யோசஃப் லோஷ்மிட் 1865-இல் வாயுக்களின் வழியே இதை அணுகினார். வாயு மூலக்கூறு இரு மோதல்களுக்கு இடையே செல்லும் சராசரித் தூரத்தை, வாயு நீர்மமாகும்போது பருமன் சுருங்கும் விகிதத்தால் பெருக்கி, அதை மேலும் 8 ஆல் பெருக்கினால் மூலக்கூற்றின் விட்டம் கிடைக்கும் என்று அவர் நிறுவினார். காற்றுக்கு அவர் கொண்ட தூரம் 140 நானோமீட்டர், விகிதம் 0.000866, விடை ஏறத்தாழ 1 நானோமீட்டர். உண்மையான அளவைப்போல இது சுமார் மூன்று மடங்கு. ஆனாலும் ஃபிராங்க்ளினின் குளத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு வழி, அதே அளவுப் படிநிலைக்கு வந்து சேர்ந்தது.

அணு உண்மையில் இருப்பதை ஏற்க மறுத்த அறிவியலாளர்களான எர்ன்ஸ்ட் மாக்கும் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டும் இதனால் அசைந்துவிடவில்லை. அவர்களை மூடர்களாகச் சித்திரிப்பது இன்று எளிது. ஆனால் காண முடியாத ஒன்றை, அதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட கோட்பாட்டின் துணையால் அளக்கக்கூடாது என்ற அவர்களுடைய வாதம் நேர்மையானது. ஐன்ஸ்டைன் 1905-இல் பிரௌனியன் இயக்கத்துக்கு எழுதிய கோட்பாட்டை ழான் பெரென் நுண்ணோக்கியின் கீழ் சோதித்து, ஒன்றோடொன்று தொடர்பற்ற பல நிகழ்வுகளிலிருந்து ஏறத்தாழ ஒரே அவகாட்ரோ எண்ணைப் பெற்ற பிறகே ஆஸ்ட்வால்ட் 1909 அளவில் அணுவை ஏற்றார். பெரென் பெற்ற எண்கள் இன்றைய மதிப்பைவிடச் சற்று மிகுதியானவை. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போனதுதான் வழக்கை முடித்தது.

நீங்களே செய்யக்கூடிய சோதனைக் கணக்கு ஒன்று உண்டு. ஒரு மோல் அளவு ஒற்றை மின்னூட்ட அயனிகளை மின்னாற்பகுப்பால் படியவைக்கத் தேவையான மின்னூட்டம் 96,485 கூலும். ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.602 × 10⁻¹⁹ கூலும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 6.02 × 10²³. இதில் அணுவின் அளவு எங்கும் நுழையவில்லை, வட்டம் உடைந்துவிட்டது.

இன்னொரு சோதனை சமையல் உப்பில். மோலார் நிறை 58.44, அடர்த்தி 2.165, ஒரு மோலில் இரண்டு மோல் அயனிகள். படி 3-இல் செய்ததுபோல வகுத்துக் கனமூலம் எடுத்தால் அடுத்தடுத்த அயனிகளின் தொலைவு 0.282 நானோமீட்டர். செம்பு இலக்குடைய எக்ஸ் கதிர்க் குழாயின் 0.154 நானோமீட்டர் கதிரை உப்பின் மேல் செலுத்தினால் வலுவான உச்சம் 31.7 பாகை விலகலில் தோன்றும். பிராக் விதிப்படி அதன் பாதிக் கோணத்தின் சைன் மதிப்பை இருமடங்காக்கி, அதனால் அலைநீளத்தை வகுத்தால் மீண்டும் 0.282 வருகிறது. தொடக்கத்தில் இதிலும் ஒரு வட்டம் இருந்தது: 1913-இல் பிராக் தந்தையும் மகனும் உப்பின் அடர்த்தியிலிருந்து இடைவெளியைக் கணக்கிட்டே அலைநீளத்தைப் பெற்றார்கள். பின்னர் கோடு கிழித்த கீற்றணிகளால் எக்ஸ் கதிர்களின் அலைநீளம் தனியாக அளக்கப்பட்டபோது சிறிய முரண் தெரிந்தது. தேடிப்பார்த்ததில் பிழை படிகத்தில் இல்லை, மில்லிகன் எலக்ட்ரானின் மின்னூட்டத்தைக் கணக்கிடப் பயன்படுத்திய காற்றின் பாகுநிலை மதிப்பில் இருந்தது. 2019 முதல் அவகாட்ரோ எண் 6.02214076 × 10²³ என்று வரையறையாகவே நிறுத்தப்பட்டிருக்கிறது. அதற்கு முந்தைய மிகத் துல்லியமான அளவீடுகளில் ஒன்று, சிலிக்கான் கோளத்தில் நம் படி 3-ஐத் தலைகீழாகச் செய்ததுதான்.

படி 5: தாம்சனின் மாதிரியைப் பொன்னுக்குள் வைத்துப் பாருங்கள்

அணு 144 பிக்கோமீட்டர் ஆரமுடையது என்பது இப்போது உறுதி. உள்ளே என்ன இருக்கிறது என்பதே அடுத்த வழக்கு. நேர் மின்னூட்டம் கோளம் முழுவதும் பரவியிருக்க, எலக்ட்ரான்கள் அதில் பதிந்திருப்பதாக நம் பாடநூல்கள் தாம்சன் மாதிரியைத் தர்பூசணியோடு ஒப்பிடுகின்றன. அந்த ஒப்புமை தாம்சனுக்கு நியாயம் செய்யவில்லை: 1904-இல் அவர் எழுதியது, சுழலும் எலக்ட்ரான் வளையங்களின் நிலைத்தன்மையைக் கணக்கிட்டு, தனிம வரிசையின் மீள்வரும் தன்மையை விளக்க முயன்ற ஒரு கணித மாதிரி. எதிர்த்தரப்பின் மாதிரியை அதன் வலுவான வடிவத்தில் எடுத்துக்கொண்டு வாதிடுங்கள்.

கணக்குக்கு ஒரு வசதியான மாறிலி: இரண்டு அடிப்படை மின்னூட்டங்கள் 1 ஃபெம்டோமீட்டர் (பிக்கோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் இருந்தால் அவற்றின் நிலையாற்றல் 1.44 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலுக்குரிய அலகு). ஆல்ஃபா துகளின் மின்னூட்டம் 2, பொன்னின் நேர் மின்னூட்டம் 79. பெருக்குத்தொகை 2 × 79 × 1.44 = 227.5. தாம்சனின் கோளத்தின் விளிம்பில், அதாவது 1,44,000 ஃபெம்டோமீட்டரில், ஆல்ஃபா ஏறவேண்டிய ஆற்றல் மேடு 227.5 ÷ 1,44,000 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், அதாவது சுமார் 1,580 எலக்ட்ரான் வோல்ட். கோளத்தின் மையத்தில் அது இதைப்போல ஒன்றரை மடங்கு, சுமார் 2,400. வந்து மோதும் ஆல்ஃபாவின் இயக்க ஆற்றலோ 7.7 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். இத்தகைய மேடு அதைத் திருப்பி அனுப்ப முடியாது.

ஓர் அணுவைக் கடக்கும்போது ஏற்படும் மிகைப்பட்ச விலகலையும் தோராயமாகக் காணலாம்: விளிம்பு மேட்டின் உயரத்தை இயக்க ஆற்றலால் வகுத்தால் ரேடியனில் கோணம் வரும். விடை 0.0002 ரேடியன், ஏறத்தாழ 0.012 பாகை. எலக்ட்ரான்கள் தரும் விலகலும் இதே அளவுதான். ரூதர்ஃபோர்டு தம் 1911 கட்டுரையில் குறிப்பிட்ட தகட்டின் தடிமன் 0.00004 சென்டிமீட்டர், அதாவது 400 நானோமீட்டர். நம் கணக்குப்படி 0.288 நானோமீட்டர் அணுக்கள் ஏறத்தாழ 1,400. விலகல்கள் தாறுமாறான திசைகளில் சேர்ந்தால் மொத்தம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப, 37 மடங்கு வளரும்: சுமார் 0.4 பாகை. ரூதர்ஃபோர்டின் உதவியாளர் கைகர் அளந்த, மிகுதியாக நிகழும் விலகல் 0.87 பாகை. தாம்சனின் மாதிரி இந்த இடத்தில் தோற்கவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சிறு கோணங்களை மட்டும் பார்த்தவர்கள் அதில் திருப்தியடைய நியாயம் இருந்தது.

படி 6: பெருங்கோணத்தில் தீர்ப்பைக் கேளுங்கள்

அதே தகட்டில் 20,000-இல் ஒரு துகள் சராசரியாக 90 பாகை திரும்பியது. சிறு விலகல்கள் சேர்ந்து இப்படி ஆக முடியுமா? மொத்த விலகல் 1 பாகை அளவு என்று தாராளமாகவே கொண்டாலும், 90 பாகைக்கான வாய்ப்பு, இயல்மடக்கை அடிமானத்தின் (2.718) −8,100 ஆம் அடுக்கு. பத்தின் அடுக்காகச் சொன்னால் 10⁻³⁵⁰⁰ அளவு. 20,000-இல் ஒன்று என்பதற்கும் இதற்கும் இடையே எந்தத் திருத்தத்தாலும் பாலம் கட்ட முடியாது.

இனி மின்னூட்டம் முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொள்ளுங்கள். 7.7 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆல்ஃபா நேருக்கு நேர் வந்து நின்று திரும்பும் தொலைவு 227.5 ÷ 7.7, அதாவது 29.5 ஃபெம்டோமீட்டர். இந்தத் தொலைவின் பாதியை ஆரமாகக் கொண்ட வட்டத்துக்குள் குறிவைத்து வரும் துகள்கள் 90 பாகைக்கு மேல் திரும்பும். அந்த வட்டத்தின் பரப்பு 6.8 × 10⁻²⁸ சதுர மீட்டர். ஒரு கன மீட்டரில் உள்ள பொன் அணுக்கள், படி 3-இன்படி, 5.9 × 10²⁸. தடிமன் 4 × 10⁻⁷ மீட்டர். மூன்றையும் பெருக்கினால் 1.6 × 10⁻⁵, அதாவது 62,000-இல் ஒன்று. அளவீட்டிலிருந்து மூன்று மடங்கு விலகல் உண்டு. ஆனால் அன்றைய ஆல்ஃபாக்களின் வேகமும் கோணமும் தோராயமானவை. மற்ற தரப்பின் 10⁻³⁵⁰⁰-க்கு முன்னால் இந்த விலகலைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

உறுதியான சான்று 1913-இல் வந்தது. விலகும் துகள்களின் எண்ணிக்கை, பாதிக் கோணத்தின் சைன் மதிப்பின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது ரூதர்ஃபோர்டின் விதி. கைகரும் அவருடைய சக ஆய்வாளர் மார்ஸ்டனும், பொன் தகட்டிலிருந்து சிதறிய துகள்கள் திரையில் எழுப்பியதாக எண்ணிய ஒளிப்பொட்டுகள் 150 பாகையில் 33.1, 15 பாகையில் 1,32,000. எண்ணிக்கை 4,000 மடங்கு மாறியபோதும், அதைச் சைனின் நான்காம் அடுக்கோடு பெருக்கி வந்த தொகை 27-க்கும் 40-க்கும் இடையிலேயே நின்றது.

இந்தச் சோதனை எதைச் சொல்லவில்லை என்பதையும் பதிவுசெய்யுங்கள். 29.5 ஃபெம்டோமீட்டர் என்பது அணுக்கருவின் அளவன்று, அதன் மேல்வரம்பு. பொன்னின் அணுக்கரு ஆரம் சுமார் 7 ஃபெம்டோமீட்டர். மையத்தின் மின்னூட்டம் நேரா எதிரா என்பதைக்கூட 1911 கட்டுரை முடிவுசெய்யவில்லை. எலக்ட்ரான்கள் எங்கே, எப்படி இருக்கின்றன என்பது பற்றியும் சிதறல் ஒன்றும் சொல்லவில்லை. ஹான்டாரோ நாகவோகா 1904-இல் முன்மொழிந்த சனிக்கோள் மாதிரியை ரூதர்ஃபோர்டு குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். அணு ஏன் 144 பிக்கோமீட்டர் என்ற கேள்விக்கும் அவருடைய மாதிரியில் விடை இல்லை. செவ்வியல் இயற்பியல்படி ஹைட்ரஜனின் எலக்ட்ரான் 1.6 × 10⁻¹¹ வினாடியில் அணுக்கருவில் விழுந்திருக்க வேண்டும்.

படி 7: அளவை மாறிலிகளிலிருந்தே பெறுங்கள்

எலக்ட்ரானின் மின்னூட்டம், நிறை, ஒளியின் வேகம் ஆகிய மூன்றைக் கொண்டு அமைக்கக்கூடிய ஒரே நீளம் 2.8 ஃபெம்டோமீட்டர், அது அணுவின் அளவுக்குப் பொருந்தவே பொருந்தாது. பிளாங்க் மாறிலியைச் சேர்த்தால் நிலைமை மாறுகிறது. இரு பை-ஆல் வகுத்த பிளாங்க் மாறிலியின் (1.055 × 10⁻³⁴) வர்க்கத்தை, எலக்ட்ரானின் நிறையாலும் (9.11 × 10⁻³¹) மின்விசை மாறிலியும் மின்னூட்ட வர்க்கமும் சேர்ந்த பெருக்குத்தொகையாலும் (2.307 × 10⁻²⁸) வகுத்துப் பாருங்கள்: 5.29 × 10⁻¹¹ மீட்டர், அதாவது 0.0529 நானோமீட்டர். கோண உந்தம் முழு எண் மடங்குகளில் மட்டுமே வரும் என்ற நிபந்தனையோடு 1913-இல் நீல்ஸ் போர் பெற்ற ஹைட்ரஜன் ஆரம் இதுதான்.

ஆனால் இதே நீளத்தை வியன்னாவில் ஆர்தர் ஹாஸ் 1910-இலேயே எழுதியிருந்தார், அதுவும் தாம்சனின் மாதிரியிலிருந்து. நேர் மின்னூட்டக் கோளத்தின் விளிம்பில் ஓர் எலக்ட்ரானைச் சுழலவிட்டு, அதன் நிலையாற்றலைப் பிளாங்க் மாறிலியும் அதிர்வெண்ணும் சேர்ந்த பெருக்குத்தொகைக்குச் சமமாக்கினார். போரின் கோவை அப்படியே வந்தது. விவாதத்தில் ஈடுபடுவோர் மறக்கக்கூடாத செய்தி இது. அணுவின் அளவு பிளாங்க் மாறிலி எந்த இடத்தில் நுழைகிறது என்பதைக் காட்டுகிறதே தவிர, மின்னூட்டம் எப்படிப் பரவியிருக்கிறது என்பதைக் காட்டுவதில்லை. ஆகவே, அளவு சரியாக வருகிறது என்பதைத் தன் மாதிரிக்கு ஆதரவாக யாராவது முன்வைத்தால், வேறு எந்த மாதிரியும் தராத எண் எது என்று கேளுங்கள். போரின் தரப்பில் அதற்கு வலுவான விடை உண்டு: ஹைட்ரஜன் நிறமாலையின் கோடுகள் முழுவதும். அதே தரப்பின் பலவீனம் ஹீலியத்தில் தொடங்குகிறது. இரண்டு எலக்ட்ரான்கள் வந்தவுடனேயே அயனியாக்கும் ஆற்றல் சரியாக வருவதில்லை.

படி 8: விளிம்பில்லாத அணுவுக்கு எல்லை வகுங்கள்

ஷ்ரோடிங்கரின் 1926 சமன்பாட்டில் ஹைட்ரஜன் எலக்ட்ரானுக்குப் பாதை இல்லை. நிகழ்தகவுப் பரவல் மட்டுமே உண்டு. எலக்ட்ரானைக் காணும் வாய்ப்பு மிகுதியாக உள்ள தொலைவு போர் ஆரமேதான். சராசரித் தொலைவு அதைப்போல ஒன்றரை மடங்கு. போர் ஆரத்துக்குள் எலக்ட்ரான் இருக்கும் நிகழ்தகவு 32 விழுக்காடு மட்டுமே. 90 விழுக்காடு வேண்டுமென்றால் 2.66 மடங்கு, அதாவது 0.141 நானோமீட்டர் வரை செல்ல வேண்டும். மூன்றில் எதை ஹைட்ரஜனின் ஆரம் என்பது? எதையும் சொல்லலாம், முன்னரே அறிவித்துவிட்டால். போரின் வட்டப்பாதையில் கோண உந்தம் ஓர் அலகு. அலைச் சார்பின் தாழ்நிலையில் அது சுழி, அணுவும் தட்டையாக இன்றிக் கோள வடிவமாக இருக்கிறது. ஆரம் ஒன்றாக வந்தபோதும் மாதிரிகள் பிரியும் இடம் இதுபோன்ற எண்களில்தான் இருக்கிறது.

படி 9: வெள்ளியைக் கொண்டுவந்து வாதத்தைத் தொடருங்கள்

இறுதியாக, படி 3-இன் கணக்கை வெள்ளிக்குச் செய்யுங்கள். மோலார் நிறை 107.87, அடர்த்தி 10.49, படிக அமைப்பு பொன்னுடையதே. ஓர் அணுவின் பங்கு 1.708 × 10⁻²³ கன சென்டிமீட்டர். பொன்னுக்கு வந்ததைவிட ஒரு மயிரிழை கூடுதல். தனிம வரிசையில் கீழே போகப்போக அணு பெரிதாகும் என்பது பள்ளியில் படிக்கும் விதி. பொன்னில் வெள்ளியைவிட 32 எலக்ட்ரான்கள் அதிகம், ஆனால் அணு சற்றே சிறியது.

இடையில் வரும் லாந்தனைடு தனிமங்களில் நிரம்பும் எஃப் எலக்ட்ரான்கள் (எஸ், டி, எஃப் என்பவை எலக்ட்ரானின் நிகழ்தகவுப் பரவலாகிய ஆர்பிட்டாலின் வகைகள்) அணுக்கருவின் ஈர்ப்பைச் சரியாக மறைக்காததால் அணு சுருங்குகிறது என்பது ஒரு விடை. அது பாதி விடைதான். பொன்னின் உட்கூட்டு எலக்ட்ரான்களின் வேகத்தை, அணு எண்ணை 137 ஆல் வகுத்துத் தோராயமாகக் காணலாம்: 79 ÷ 137, ஒளி வேகத்தில் 58 விழுக்காடு. இந்த வேகத்தில் ஷ்ரோடிங்கரின் சமன்பாடு போதாது. சார்பியலைச் சேர்த்த டிராக்கின் சமன்பாடு வேண்டும். அதைச் சேர்த்தால் வெளிக்கூட்டு எஸ் ஆர்பிட்டால் உள்ளிழுக்கப்படுகிறது, டி ஆர்பிட்டால் சற்று விரிகிறது, இரண்டுக்கும் இடையிலுள்ள ஆற்றல் வேறுபாடு குறைகிறது. வெள்ளியில் புற ஊதாவில் நிகழும் உட்கவர்தல் பொன்னில் நீல ஒளிக்கு இறங்கிவிடுவதால், பொன் மஞ்சளாகத் தெரிகிறது.